வைஃபை சிக்னல் கடையைத் தாண்டாமல் இருக்க: மலையகத்துச் சின்னக் கடைகளுக்கு ஒரு வழிகாட்டி

அட்டனில் எங்களுடையது ஒரு சின்னக் கடை. போட்டோ கொப்பி, ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம், அவ்வளவுதான். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் படிவம், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் மேசையில் வைத்து, "பாத்து செஞ்சி குடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு நாள் டேட்டா ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று பார்க்க ரவுட்டரின் பட்டியலைத் திறந்தேன். எங்களுக்குச் சம்பந்தமில்லாத நான்கு போன்கள் அதில் இருந்தன. அதில் ஒன்று முதல் நாள் இரவு பதினொரு மணிக்கும் இணைந்திருந்திருக்கிறது. ஸ்கேன் கோப்புகள் இருக்கிற கணினியும் அதே வைஃபையில்தான். அந்த ஃபோல்டருக்கு நான் பாஸ்வேர்ட் போட்டிருக்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு மூன்று மாதம் இதே வேலையாக இருந்தேன். எங்களுக்கும் பக்கத்து விடுதிக்கும் நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. அதை மறைக்க அலுமினியத் தாள் ஒட்டினேன், பிய்த்தேன், மறுபடியும் ஒட்டினேன். செலவில் ஒரு பகுதி வீண். நீங்கள் கடையோ, டியூஷன் வகுப்போ, டிஸ்பென்சரியோ, நகை அடகுக் கடையோ நடத்தினால், அடுத்தவர்களின் ஆவணங்கள் உங்கள் கையில் இருக்கும். அவர்களுக்காகவாவது இதைச் சரியாகச் செய்ய வேண்டும். நான் செய்த வரிசையில் எழுதவில்லை, செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. ஆணி அடிக்கும் முன் ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள்

இதற்குக் காசு தேவையில்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டுடன் ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழையும் பாஸ்வேர்ட் வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும். பாஸ்வேர்ட் குறைந்தது 15 எழுத்தாவது இருக்கட்டும். கடைப் பெயரும் போன் நம்பரும் வேண்டாம். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதை வையுங்கள், இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2. ஒரு பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்திவிடுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதென்றால் விருந்தினர் வலையமைப்பு என்று தனியாக ஒன்று போடலாம். ஸ்கேன் ஃபோல்டருக்குப் பாஸ்வேர்ட் போடுங்கள்.

அப்புறம் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: கடையில் எதற்கெல்லாம் வைஃபை வேண்டும்? எங்களிடம் இரண்டு கணினி, ஒரு பிரிண்டர். மூன்றும் மேசையை விட்டு நகர்வதே இல்லை. மூன்றையும் லான் கேபிளில் போட்ட பிறகு வைஃபையில் மிஞ்சியது என் போனும் தங்கையின் போனும்தான். உங்களுக்கு எல்லாமே கேபிளில் முடியும் என்றால் வைஃபையை நிறுத்திவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். அதைவிட நல்ல தடுப்பு எதுவும் கிடையாது.

சுவரை மறைத்துவிட்டால் பாஸ்வேர்ட் லேசாக இருந்தாலும் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரிய தவறு. ஒரு போன் வைஃபையில் இணையும் நொடியில் நடக்கும் பரிமாற்றத்தை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு போய், வீட்டில் இருந்தபடியே ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்க டபிள்யூபிஏ2வில் வழி இருக்கிறது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. சமவெளியில் நடுவில் நாலு வீடு மறைக்கும். இங்கே எதிர் மலைச் சரிவில் நிற்கிறவருக்கு உங்கள் ஜன்னல் நேராகத் தெரியும். குறிபார்க்கும் அன்டெனா ஒன்று இருந்தால், சாதாரண போனுக்கு எட்டாத சிக்னல் அவருக்கு எட்டும். அதனால் சுவரை மறைப்பது பாஸ்வேர்டுக்கு மேல் போடும் இரண்டாவது பூட்டு. முதல் பூட்டு போடாமல் இரண்டாவதைப் போடாதீர்கள்.

2. அளந்து, கொப்பியில் எழுதுங்கள்

நான் முதல் தடவை அளக்காமல் ஆரம்பித்தேன். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் ஒழுகாத சுவருக்குத் தாள் ஒட்டினேன்.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் வைஃபையின் பெயருக்கு எதிரே டிபிஎம் என்று மைனஸ் கணக்கில் ஒரு எண் காட்டும். மைனஸ் 40 என்றால் பலமான சிக்னல். மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் ஓடும். மைனஸ் 80ஐத் தாண்டினால் இழுபறி. மைனஸ் 90 பக்கம் போனால் சாதாரண போன் இணைப்பைப் பிடித்து வைக்க முடியாது. இந்த எண்ணில் ஒரு படி என்பது ஒரு டெசிபெல். ஒவ்வொரு 10 டெசிபெல் குறையும்போதும் சிக்னலின் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு, 30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. பார்வைக்குச் சின்ன வித்தியாசமாகத் தெரிவது உண்மையில் பெரியது.

ஒரே போனை, ஒரே உயரத்தில், நெஞ்சுக்கு முன்னால் பிடியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் நின்று, ஆடும் எண்ணின் நடுத்தரத்தை எழுதுங்கள். எங்கள் கொப்பியில் முதல் நாள் எழுதியது இது: மேசையில் மைனஸ் 40, பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் விடுதி அறையில் மைனஸ் 48, கடை வாசலுக்கு முன் ரோட்டு ஓரத்தில் மைனஸ் 55, எதிரே பஸ் நிற்கிற இடத்தில் மைனஸ் 68, பின்னால் மேல் பாதையில் மைனஸ் 64.

அந்தக் கடைசி எண்தான் என்னைத் திகைக்க வைத்தது. பின் சுவர் கருங்கல். அதற்குப் பின்னால் மண் மேடு. மேட்டின் மேல் ஒரு நடைபாதை, எங்கள் கூரை விளிம்பின் உயரத்துக்குச் சரியாக. கல் சுவரைத் துளைத்து இவ்வளவு வர முடியாது. அப்படியானால் வேறு எங்கிருந்தோ வருகிறது. மலையகத்தில் கட்டடம் சரிவில் நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். பக்கத்தில் மட்டும் அளக்காமல் மேலேயும் கீழேயும் போய் அளக்க வேண்டும்.

அடுத்தவர் அறைக்குள் நின்று அளக்க அவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். காரணத்தைச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

3. ரவுட்டரை நகர்த்துங்கள், சக்தியைக் குறையுங்கள்

சிக்னல் நன்றாக வர வேண்டுமென்று ரவுட்டரை முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அது பாதி ஊருக்கு வைஃபை கொடுத்துக்கொண்டிருந்தது. வெற்றுக் கண்ணாடி 2, 3 டெசிபெல்தான் குறைக்கும்.

ரவுட்டரைப் பின் கல் சுவர்ப் பக்கம் கொண்டுபோனேன். அதற்கும் ரோட்டுக்கும் நடுவில் வரும்படி இரும்பு அலுமாரியை நகர்த்தினேன். செட்டிங்ஸில் சக்தியை 100 சதவீதத்திலிருந்து 25க்கு இறக்கினேன். நான்கில் ஒரு பங்கு என்றால் 6 டெசிபெல் குறையும், கடைக்குள் வேலைக்கு அதுவே தாராளம். ரோட்டோரம் மைனஸ் 55 இருந்தது மைனஸ் 69 ஆகியது. எதிர்ப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் மைனஸ் 82. ஒரு சதம் செலவில்லை. கடை மூடும் நேரத்தில் வைஃபை தானாக நிற்கும்படி நேரமும் வைத்துவிட்டேன், இரவு பதினொரு மணி விருந்தாளிக்கு இனி வேலை இல்லை.

ரவுட்டரை இரும்போடு ஒட்டி வைக்காதீர்கள். ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளேயே சிக்னல் கெட்டுப்போகும். வைஃபை 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் ஓடும். போன்கள் எல்லாம் 5 ஜிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் என்றால் 2.4ஐ நிறுத்திவிடுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டத் திணறும், நமக்கு அது நல்லது.

இந்த மூன்றாவது படியோடு பலருக்கு வேலை முடிந்துவிடும். மறுபடி அளந்து பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் பலமாக இருந்தால் மட்டும் மேலே போங்கள். எங்களுக்கு விடுதிப் பக்கம் மைனஸ் 54லேயே நின்றது.

4. இன்டர்நெட் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள்

பொருள் வாங்கும் முன் இதைக் கட்டாயம் யோசியுங்கள், ஏனென்றால் நான் அதிகம் கஷ்டப்பட்டது இங்கேதான். ஃபைபர் லைன் வந்த கடைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் நம் பக்கம் பெரும்பாலானவர்கள் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் வைத்திருக்கிறோம். அதற்குச் சிக்னல் மலை மேல் இருக்கும் டவரிலிருந்து ஜன்னல் வழியாக வருகிறது. வைஃபையை வெளியே விடாத தகடு டவர் சிக்னலையும் உள்ளே விடாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகள், ஒன்றை விட்டு ஒன்றைத் தடுக்கும் தகடு ஹார்ட்வெயார் கடையில் கிடையாது.

நான் பக்க ஜன்னலைத் தாள் போட்டு மூடிய மறுநாள் காலை, ரவுட்டரில் நான்கு கோடு இருந்த இடத்தில் ஒரு கோடு. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி அன்றைக்கு. தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு அம்மா மகளோடு வந்து காத்திருக்கிறார். பக்கம் திறக்கவில்லை. தாளைக் கிழித்த பிறகுதான் விண்ணப்பம் போனது.

வழி இரண்டு. டவர் இருக்கும் திசைச் சுவரை மறைக்காமல் விட்டுவிடலாம், அந்தப் பக்கம் வெறும் சரிவும் தேயிலையும் என்றால் இதுவே போதும். இல்லாவிட்டால் 4ஜி கருவியை வெளியே கூரை நிழலில் பொருத்தி, ஒரு லான் கேபிளை மட்டும் உள்ளே எடுக்க வேண்டும். வெளியில் மாட்டுவதற்கென்றே மழை தாங்கும் யூனிட் வருகிறது. உங்கள் ரவுட்டரில் வெளி அன்டெனா செருகும் துளை இருந்தால் அன்டெனாவை மட்டும் வெளியே வைக்கலாம். நான் வெளி யூனிட் எடுத்தேன், பழைய ரவுட்டர் உள்ளே வைஃபைக்கு. ஒரு பொறி இருக்கிறது: சில வெளி யூனிட்டுகளுக்குச் சொந்தமாக வைஃபை உண்டு, அது திறந்தே வரும். அதை நிறுத்த மறந்தால் உள்ளே செய்த வேலையெல்லாம் வீண்.

5. எந்தப் பொருள் எவ்வளவு நிறுத்தும்

பலகை, பிளைவுட், ஜிப்சம் போர்ட், அஸ்பெஸ்டஸ் ஷீட் எல்லாம் ஒரே ரகம், சில டெசிபெல்தான் குறைக்கும். செங்கல் சுவர் 6 முதல் 10 வரை. கொங்கிரீட் 10 முதல் 20 வரை, கம்பி நெருக்கமாகப் போட்ட தளம் இன்னும் கூட. பழைய பங்களாக்களிலும் லயங்களிலும் இருக்கும் தடித்த கருங்கல் சுவர் நன்றாகவே நிறுத்தும். ஈரம் ஊறிய சுவர் காய்ந்த சுவரைவிட அதிகம் உறிஞ்சும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வெயில் வந்தால் காய்ந்துவிடும்.

உலோகம்தான் உண்மையான தடுப்பு. தடிப்பு இங்கே முக்கியமில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை அலுமினியத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடும். சமையலறைத் தாளே அதைப்போல பல மடங்கு தடிப்பு. அதனால் தடித்த தகடு வாங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். சமையலறைத் தாள் கிழிந்துபோகும் என்பதுதான் குறை. நான் நான்கு ரோல் அப்படி வீணாக்கினேன். கூரைக்கு அடியில் சூட்டுக்காக விரிக்கும் அலுமினியத் தாள் கிழியாது, அகலமாகவும் வரும். ஆனால் பளபளப்பாக இருப்பதெல்லாம் அலுமினியம் இல்லை, சிலவற்றில் பெயருக்கு ஒரு பூச்சு மட்டும்தான்.

கடையில் ஒரு அடி வெட்டி வாங்கி வந்து சோதியுங்கள். ஒரு போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, அந்தத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, இரு முனையையும் இறுக்கி மடியுங்கள். பத்து அடி தள்ளி இன்னொரு போனில் எண்ணைப் பாருங்கள். சுற்றும் முன்பும் பின்பும் 25, 30 வித்தியாசம் வந்தால் நல்ல தாள். சுற்றிய போனுக்கு அழைப்பு எடுத்து மணி அடிக்கிறதா என்று பார்ப்பது சரியான சோதனை இல்லை. டவர் சிக்னல் பலமான இடத்தில் சின்ன இடுக்கு இருந்தாலும் மணி அடிக்கும்.

வலை வாங்கினால் ஓட்டையின் அளவைப் பாருங்கள். வைஃபை அலையின் நீளம் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 12.5 சென்டிமீட்டர், 5 ஜிகாஹெர்ட்ஸில் 6 சென்டிமீட்டர். ஓட்டை அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இரண்டையும் நிறுத்தும். கோழிக்கூட்டு வலை பெரிது, வேண்டாம். அலுமினிய நுளம்பு வலை சரியானது. நைலோன், ஃபைபர் நுளம்பு வலை ஒன்றையும் நிறுத்தாது. இரண்டும் ஒரே நிறத்தில் வருவதால் கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்காமல் பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உலோகமென்றால் மினுங்கும்.

சிக்னலை மறைக்கும் பெயின்ட் என்று விற்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. விலை கூட, அதற்கும் எர்த் கொடுக்க வேண்டும், நம் ஊர் ஈரத்தில் பெயின்ட் உரிவது நமக்குத் தெரிந்ததே.

6. யாரிடம் எழுத்தில் வாங்க வேண்டும்

வாடகைக் கடை என்றால் உரிமையாளரிடம் ஒரு கடிதம். என்ன செய்யப் போகிறீர்கள், எந்தச் சுவரில், போகும்போது கழற்றித் தருவீர்களா என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். இரு பக்கமும் கையெழுத்து, தேதி. வாடகை ஒப்பந்தத்தின் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். வாயால் சொன்னது முற்பணம் திருப்பிக் கேட்கும் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நடுச் சுவர் இருவருக்கும் பொது என்றால் பக்கத்துக் கடைக்காரரின் சம்மதமும் வேண்டும்.

லயத்துக் காம்பராவில் டியூஷன் நடத்துகிறவர்கள் தோட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். சுவரிலும் கூரையிலும் கை வைக்க அவர்கள் அனுமதி தேவை.

உள்ளே தாள் ஒட்டுவதற்கு மட்டுமென்றால் நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ போகத் தேவை வராது. சுவர் இடிப்பது, புதிதாகக் கட்டுவது, கூரையை மாற்றுவது என்றால் முன்கூட்டியே போய்க் கேளுங்கள். நம் மாவட்டங்களில் கட்டட அனுமதியோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் கேட்பார்கள். அதற்கு நாள் எடுக்கும்.

யாரோ உங்கள் வலையமைப்புக்குள் வந்ததற்கான அடையாளம் இருந்தால், ரவுட்டரை ரீசெட் செய்யும் முன் அந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், தேதி நேரத்தோடு. அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். பொலிஸுக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். நான் எடுத்து வைக்காமல் ரீசெட் செய்துவிட்டேன்.

7. வேலை: சுவரைவிட விளிம்பைக் கவனியுங்கள்

தச்சு பாஸ் ஒருவரும் கையாள் ஒருவரும் வந்தார்கள். பிளைவுட் தடுப்பின் மேல் எங்கள் பக்கத்தில் தாளை விரித்து, ஸ்டேப்பிள் அடித்து, ஒரே நாளில் முடித்தார்கள். சுவர் முழுக்க வெள்ளி மாதிரி இருந்தது. விடுதி அறைக்குப் போய் அளந்தேன். மைனஸ் 54 இருந்தது மைனஸ் 60. இவ்வளவு பணத்துக்கு வெறும் 6 டெசிபெல்.

தாளில் குறை இல்லை. சிக்னல் தாளைத் துளைத்துப் போகவில்லை, சுற்றிக்கொண்டு போனது. தாளுக்கும் கூரைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. கதவுக்குக் கீழே ஒரு இடுக்கு. இரண்டு தாள் சந்திக்கும் இடத்தில் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. இடுக்கு எவ்வளவு மெல்லியது என்பதைவிட எவ்வளவு நீளம் என்பதுதான் இங்கே கணக்கு. 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான இடுக்கு, காகிதம் நுழையும் அளவே இருந்தாலும், 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரு அன்டெனா மாதிரி வேலை செய்யும். 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு 3 சென்டிமீட்டரே போதும்.

இரண்டாவது தடவை இப்படிச் செய்தோம். தாளுக்கு மேல் தாள் இரண்டு அங்குலம் ஏறும்படி விட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு மடிப்பு மடித்து, அதன் மேல் அலுமினிய நாடா. நாடாவின் பசை மின்சாரம் கடத்தாது, அதனால் நாடாவை மட்டும் நம்பாமல் உலோகம் உலோகத்தைத் தொடும்படி மடித்தோம். சுவர் முடியும் இடத்தில் நிறுத்தாமல், பக்கத்துக் கல் சுவரில் ஒரு அடி திருப்பி ஒட்டினோம். மேலே தகரக் கூரை வரைக்கும் கொண்டுபோய் மடித்துத் தொட வைத்தோம். அதன் மேல் ஒரு அங்குல ரீப்பர் அடித்து, முகத்துக்கு மெல்லிய பிளைவுட். அந்த ஒரு அங்குல இடைவெளி அவசியம். குளிர்ந்த தாளில் பனிநீர் வியர்த்து ஓடும், காற்றோட்டம் இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் பூஞ்சணம். கதவுக்குத் தட்டையான தகட்டை உள்பக்கம் அடித்து, நிலையில் உரசும்படி விளிம்பில் மெல்லிய தகட்டுப் பட்டி வைத்தோம். விடுதிப் பக்கம் மைனஸ் 79 ஆகியது.

மேல் பாதைக்கு மட்டும் சிக்னல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு இரவு உள்ளே நல்ல வெளிச்சமான பல்ப் போட்டுவிட்டு, மேலே ஏறி நின்று பார்த்தேன். பனி இறங்கியிருந்தது. சுவரின் தலை தட்டை, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் தகரம் வளைவு வளைவாக. ஒவ்வொரு வளைவுக்கு அடியிலும் ஒரு பிறை வடிவ ஓட்டை, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெளிச்சக் கோடு பனிக்குள் நீண்டிருந்தது. கூரையின் வளைவு மூன்று அங்குலம், அதாவது ஏழரை சென்டிமீட்டர். சிக்னல் வெளியேற அளவெடுத்துச் செய்த ஜன்னல் அது. அந்த வரிசையை அலுமினிய நுளம்பு வலையால் மூடி, தகரத்தோடு நெருங்கித் தொடும்படி சிறிய ஸ்கிரூ போட்டோம். மேல் பாதையில் மைனஸ் 84.

இந்த வெளிச்சச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். வெளிச்சம் தெரியும் நீளமான கோடு எல்லாம் சிக்னல் போகும் வழி. பழைய லயங்களில் பல இடங்களில் நடுச் சுவர் கூரையைத் தொடாது, ஒரு காம்பராவின் புகை அடுத்ததற்குப் போகும். அங்கே சுவருக்குத் தாள் ஒட்டிப் பயனில்லை, சுவருக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள அந்த இடத்தைத்தான் வலையால் மூட வேண்டும். தகட்டால் மூடாதீர்கள், காற்று வேண்டும். உள்ளே அடுப்பு எரிகிற இடத்தில் மூச்சுத் திணறல் உயிருக்கு ஆபத்து.

8. எர்த் இல்லாமல் விடாதீர்கள்

சுவர் முழுக்க உலோகம் என்றால், மறைந்திருக்கும் வயரில் ஒரு ஸ்கிரூ பட்டாலே போதும், சுவர் முழுவதும் மின்சாரம். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, வயர் எந்த வழியாகப் போகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு அடையாளம் போடுங்கள். பிளக் பொயின்ட், சுவிட்ச் பெட்டியைச் சுற்றித் தாளை இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். வேலை முடிந்ததும் தாளையும் கதவுத் தகட்டையும் எர்த் கம்பியோடு இணைக்க வேண்டும். ட்ரிப் சுவிட்சின் பரிசோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எலக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுங்கள். நான் இந்த வேலையை நானே செய்யப் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்காதீர்கள்.

வெளியில் மாட்டிய யூனிட்டுக்கு இன்னொரு கவனம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் பின்னேரத்தில் இடி மின்னல் அதிகம். வானம் இருண்டு வரும்போதே, இடி நெருங்கும் முன், மின்சாரத்தையும் லான் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

9. செலவும் நாளும்

எங்கள் சுவர் 14 அடி நீளம், 9 அடி உயரம். கூரைத் தாள் 9,500 ரூபா. நாடா 2,700. ரீப்பரும் ஸ்கிரூவும் 6,800. நான்கு பிளைவுட் 14,000. அலுமினிய வலை 5,000. கதவுத் தகடும் பட்டியும் 7,500. பாஸுக்கும் கையாளுக்கும் இரண்டு நாள் 15,000. எலக்ட்ரீஷியன் 4,000. மொத்தம் 64,500. வெளி 4ஜி யூனிட் தனியாக 19,000. இது நான் கொடுத்த விலை, இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். சிக்னலை நிறுத்தும் தாளுக்குப் போனது மொத்தத்தில் ஏழில் ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் அதை ஒழுங்காகப் பொருத்த. கூலியில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் நான் முதல் தடவை பட்டதுதான் நடக்கும்.

பாஸிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: வேலை முடிந்ததும் போனில் அளந்து பார்த்த பிறகுதான் கடைசிப் பணம். அட்டன், நுவரெலியாப் பக்கம் இந்த வேலைக்குச் சரியான காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் சுவர் காயாது, நாடா ஒட்டாது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் நேர்மாறு, அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைந்த காலம். கடை மூடும் இரண்டு நாள், சுவர் காய ஒரு வாரம், பொருள் தேட ஒரு வாரம் என்று கணக்கு வையுங்கள்.

10. இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஜாமர் வாங்காதீர்கள். இணையத்தில் சின்னப் பெட்டியாக விற்கிறார்கள், விலையும் இந்தச் சுவரைவிடக் குறைவு. தகடு சிக்னலை நிறுத்துகிறது, ஜாமர் சத்தம் போட்டு அடுத்தவர்களின் போன்களையும் கெடுக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட கருவியை இயக்குவது 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்கச் சட்டத்துக்கு எதிரானது. பக்கத்து வீட்டுக்காரர் 1990க்கு அம்புலன்ஸ் கூப்பிடும் நேரத்தில் உங்கள் பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அடுத்தது, ஆட்கள் தூங்கும் அறையை ஒருபோதும் முழுதாக மறைக்காதீர்கள். நாம் இருப்பது மண்சரிவு வரும் மலையில். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. இரவில் எச்சரிக்கை வந்தால் அது பெரும்பாலும் போனுக்குத்தான் வரும். அந்த மணி அடிக்க வேண்டும். எங்கள் கடையிலும் விடுதிப் பக்கச் சுவர், கதவு, கூரை விளிம்பு மூன்றை மட்டும் மறைத்தோம், முன்பக்கம் திறந்தே இருக்கிறது, போன் எடுக்கிறது. வேலை முடிந்த அன்றைக்கே கடையின் ஒவ்வொரு மூலையிலும் நின்று போனில் ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள். எடுக்காத மூலை இருந்தால் அங்கே யாரும் இரவில் படுக்கக் கூடாது.

11. முதல் மழைக்குப் பிறகு மறுபடி அளங்கள்

மரம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். ஆறு மாதம் கழித்து விடுதிப் பக்கம் மைனஸ் 79 இருந்தது மைனஸ் 71 ஆகியிருந்தது. கதவின் கீழ்ப் பட்டி தேய்ந்து, நிலையைத் தொடாமல் நின்றது. புதுப் பட்டி வாங்கி அரை மணி நேரத்தில் மாற்றினேன். இப்போது மாதம் ஒருமுறை, கடை திறக்கும் முன், அதே போனோடு அதே ஐந்து இடத்திலும் நின்று எழுதுகிறேன். ரவுட்டரின் பட்டியலையும் அப்போதே திறந்து பார்க்கிறேன். இந்த மாதம் அதில் இரண்டே இரண்டு போன், என்னுடையதும் தங்கையுடையதும்.